கேட்டவளின் பங்கு

ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ கதையைப் பற்றிப் பேச்சு எழுந்தால் மழையும் காரும், கல்லூரிப் பெண் ஒருத்தியை அதில் ஏற்றிப்போய்ச் சீரழித்த அந்த இளைஞனும்தான் முதலில் வந்து நிற்கிறார்கள். அந்தப் பெண் ஏன் ஏறினாள், ஏறாமல் இருந்திருக்கலாமே என்பார்கள் சிலர். அந்த அம்மா செய்தது சரிதானா என்று கேட்பார்கள் வேறு சிலர். எனக்கு அந்தக் கதை, கார் அவளை இறக்கிவிட்டுப் போன பிறகுதான் தொடங்குகிறது. நனைந்த உடம்போடு பெண் வீட்டுக்குள் வருகிறாள். நடந்ததை அம்மாவிடம் சொல்லிவிடுகிறாள். அந்த நொடியிலிருந்து பாரம் முழுக்கக் கேட்டவள் தலையில் ஏறிவிடுகிறது.

1966ஆம் ஆண்டு ஆனந்த விகடனில் வந்த கதை. பல குடித்தனங்கள் இருக்கிற வீட்டில் ஓர் ஏழைத் தாய். மகள் சொன்னதைக் கேட்டதும் அலறுகிறாள், அடிக்கிறாள். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தவர்கள் என்ன என்று விசாரிக்கிறார்கள். அந்த இடத்தில் வாயிலிருந்து ஒரு சொல் தவறி விழுந்திருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை அத்தோடு முடிந்திருக்கும். தாய் சுதாரித்துக்கொள்கிறாள். மழையில் நனைந்து வந்ததற்குத் திட்டுகிறேன் என்று சொல்லி மூடிவிடுகிறாள். பிறகு மகளை அழைத்துப்போய்த் தலையில் தண்ணீர் ஊற்றுகிறாள். குற்றம் உன்னுடையதல்ல, நீ சுத்தமானவள் என்று அவளுக்குச் சொல்லிச் சொல்லி நம்பவைக்கிறாள்.

கதை வந்தபோது பெரிய சர்ச்சை கிளம்பியது. பிறகு நான் பல இடங்களில் கேட்ட விவாதங்களிலும் கோபம் அந்தத் தாய் மேல்தான் பாய்ந்தது. காரில் வந்தவன் எங்கே போனான் என்று ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்கும் அந்தக் கேள்வி வெகுகாலம் தோன்றவில்லை. தோன்றியதற்குக் காரணம் இலக்கியம் அல்ல, திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற ஒரு காலைப் பேருந்து.

ஜெயகாந்தன் எங்கள் பக்கத்து ஆள். 1934இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. பன்னிரண்டு வயதுவாக்கில் வீட்டை விட்டுக் கிளம்பி விழுப்புரத்தில் இருந்த மாமாவிடம் வந்து சேர்ந்தார். பாரதியும் பொதுவுடைமையும் அவருக்கு அறிமுகமானது அந்த மாமா மூலம்தான். 1946இல் சென்னைக்குப் போய்க் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் வளர்ந்தார். அப்போது விழுப்புரம் தென்னாற்காடு மாவட்டத்து ஊர். தனி மாவட்டம் ஆனது 1993இல்தான். அந்த மாமா வீடு எந்தத் தெருவில் இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் வாசலில் வந்து நின்ற பையனைக் காதைத் திருகித் திருப்பி அனுப்பாமல், உட்காரவைத்துப் பாரதியைக் கொடுத்த ஒரு வீடு விழுப்புரத்தில் இருந்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. தன்னை நம்பி வந்தவர்களைப் பெரியவர்கள் என்ன செய்கிறார்கள் என்கிற கேள்வி அவர் கதைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. ‘யுகசந்தி’யின் கௌரிப் பாட்டி, இளம் விதவையான பேத்தியின் மறுமண முடிவுக்கு முன்னால் நிற்பதும் அந்த இடம்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஆசிரியர் பயிற்சிக்காகத் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குத் தினமும் போய்வந்தேன். கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நின்று நின்று போகிற வண்டி. கூட்டேரிப்பட்டில் மயிலம் கோயிலுக்குப் போகிறவர்கள் இறங்கினால்தான் மூச்சு விட இடம் கிடைக்கும். எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் தெருவில் மரியாதையான மனிதர் ஒருவர் விழுப்புரத்தில் வேலை பார்த்தார். அப்பா அவரை ‘அண்ணே’ என்பார், நாங்கள் ‘பெரியப்பா’ என்போம். “பொண்ணு தனியா போவுது, நீங்க பக்கத்துல இருந்து பாத்துக்குங்க” என்று அப்பாவே அவரிடம் ஒப்படைத்திருந்தார். அவர் எனக்கு இடம் பிடித்து வைப்பார். அந்த இடத்தில் உட்கார்ந்து நான் போன பயணங்களைப் பற்றி இதற்கு மேல் எழுத வேண்டியதில்லை. படிக்கிற பெண்களுக்குப் புரியும்.

அம்மா விதைக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். அவள் எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாதவள். ஜெயகாந்தன் என்ற பெயரை வாழ்நாளில் கேட்டிருக்க மாட்டாள். நான் சொல்லி முடிக்கும்வரை அவள் கை நிற்கவில்லை. முடித்ததும் முறத்தைத் தள்ளிவைத்தாள். “நீ ஒண்ணும் பண்ணல. தெரியுதா? நீ ஒண்ணும் பண்ணல” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “அப்பாகிட்ட சொல்லாத. வெட்டு குத்துன்னு ஆயிடும். உன் படிப்பு நின்னுடும்” என்றாள்.

மறுநாள் காலை என்னோடு பேருந்து நிலையத்துக்கு வந்தாள். விழுப்புரத்தில் வேலைபார்த்த ஒரு நர்ஸ் அக்காவை எங்கிருந்தோ விசாரித்துக் கண்டுபிடித்து, “எம் பொண்ண உன் பக்கத்துலயே வச்சிக்கம்மா” என்று ஒப்படைத்தாள். காரணம் சொல்லவில்லை. அந்த அக்காவும் கேட்கவில்லை. அதன் பிறகு ‘பெரியப்பா’ எங்கள் வீட்டுக்கு வந்தால் அம்மா வாசற்படியிலேயே நிற்பாள். “அவர் இல்லீங்க” என்பாள். உட்காரச் சொல்லமாட்டாள், ஒரு சொம்புத் தண்ணீர் கொடுக்கமாட்டாள். எங்கள் பக்கத்தில் வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் விடுவது என்றால் அதற்கு மேல் ஒரு வசவு கிடையாது. அவருக்கு அது புரிந்தது. வருவதை நிறுத்திக்கொண்டார்.

‘அக்கினிப் பிரவேசம்’ அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகுதான் என் கையில் கிடைத்தது. வாரப் பத்திரிகைக் கதைகளைக் கிழித்துத் தைத்து அட்டை போட்டு வைத்திருந்த ஒரு சிநேகிதி வீட்டுத் தொகுப்பில் படித்தேன். தாய் தண்ணீர் ஊற்றுகிற இடத்தில் அழுதுவிட்டேன். மல்லாட்டை முறத்தை நகர்த்தி வைத்த என் அம்மாவை அந்தக் கதையில் பார்த்தேன். கேட்டவள் முதலில் செய்ய வேண்டியது என்ன என்பதை இருவருமே அறிந்திருந்தார்கள்: சொன்னவளைக் குற்றவாளி ஆக்காதிருப்பது. இது சின்னக் காரியம் இல்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. “நீ ஏன் அங்க போன?” என்ற ஒரு கேள்வியில் எத்தனையோ வீடுகளில் பெண் பிள்ளைகளின் வாய் ஆயுளுக்கும் அடைத்துப்போயிருக்கிறது.

ஆனால் என்னால் மறக்க முடியாத இன்னொன்றும் உண்டு. அந்த மனிதர் அதே வண்டியில்தான் தொடர்ந்து வந்தார். விக்கிரவாண்டியில் ஏறுகிற ஒரு பெண்ணுக்கு இடம் பிடித்துவைக்க ஆரம்பித்தார். என்னைவிடச் சின்னவள். நானும் நர்ஸ் அக்காவும் பின்னால் இருந்து பார்த்தோம். அக்கா ஒருநாள் எழுந்து போய் அந்தப் பெண்ணையும் எங்கள் பக்கம் கூட்டிவந்துவிட்டாள். அதற்கடுத்து யார், அதற்கும் அடுத்து யார், தெரியாது. அம்மாவின் மௌனம் என்னைக் காப்பாற்றியது. அந்தக் காவல் எங்கள் வாசற்படியோடு முடிந்துவிட்டது.

இதை நினைத்துக்கொண்டு கதையை மறுபடி படித்தால், அந்தத் தாய் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஊரில் எங்கோ அந்தக் கார் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த மழையில் அது எந்தக் கல்லூரி வாசலில் நிற்கும்? தன் பெண்ணிடம் தனக்குள்ள கடமையை முழுமையாகச் செய்த தாய், முகம் தெரியாத அடுத்த பெண்ணிடம் என்ன கடமைப்பட்டிருக்கிறாள்? கதை அதைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். 1966இல் அந்தத் தாய்க்குப் போய்ச் சொல்ல ஓர் இடமும் இல்லை. சொன்னால் முதலில் நாசமாவது அவள் மகள்தான்.

அது எப்படி நாசமாகும் என்பதையும் ஜெயகாந்தனே எழுதிக்காட்டினார். அந்தத் தாய் அப்படிச் சமாளிக்காமல் ஊரறிய அலறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எடுத்துக்கொண்டு ‘காலங்கள் மாறும்’ என்ற தொடரை எழுதினார். அதுதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலாகி 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. 1977இல் பீம்சிங் இயக்கத்தில் படமாக வந்து லட்சுமிக்குத் தேசிய விருது வாங்கித் தந்தது. அதில் அண்ணன் தங்கை கங்காவை வீட்டை விட்டு வெளியேற்றுகிறான். படிக்கவைக்கிற மாமாவே அவளை வேறு கண்ணால் பார்க்கிறார். சொன்ன ஒரே காரணத்துக்காகக் கங்கா வாழ்நாள் முழுக்க விலை கொடுக்கிறாள். ஒரே எழுத்தாளர், ஒரே சம்பவம், கேட்டவள் வாய் மூடினாளா திறந்தாளா என்பதில் இரண்டு வாழ்க்கைகள். நம் இலக்கியத்தில் ஒரு பொறுப்பின் இரண்டு பக்கங்களையும் இவ்வளவு நேர்மையாக ஒருவரே எழுதிப் பார்த்ததற்கு இணையாக எனக்கு வேறொன்று தோன்றவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று அப்போது நாட்டில் இல்லை. நான் ஆசிரியையாக வேலை பார்த்த கடைசி ஆண்டுகளில்தான் அந்த வழியில் நடக்க நேர்ந்தது.

என் மாணவி ஒருத்தி. ஊரையும் ஆண்டையும் வகுப்பையும் சொல்லமாட்டேன். சொல்லக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் சொல்லமாட்டேன். மதியம் சத்துணவுக்கு மணி அடித்த பிறகு வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். சாப்பிடப் போகலையா என்று கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு வந்தது. வீட்டுக்குள்ளேயே இருக்கிற ஓர் உறவினர். சொல்லி முடித்து உடனே, “யார்கிட்டயும் சொல்லிடாதீங்க டீச்சர், அம்மா செத்துப்போயிடும்” என்றாள்.

என் அம்மாவின் குரல் உள்ளே கேட்டது. நர்ஸ் அக்கா எழுந்து போனதும் நினைவுக்கு வந்தது. “நீ ஒண்ணும் பண்ணல” என்று முதலில் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு யோசனை தேவைப்படவில்லை. அடுத்ததற்குத்தான் நேரம் ஆனது. “சொல்லமாட்டேன்னு உனக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாதும்மா. யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும்தான் சொல்லுவேன். சொல்லிட்டு உன்ன விட்டுட்டுப் போகமாட்டேன்” என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நன்றி இல்லை. ஏமாந்துபோன பிள்ளையின் பார்வை அது.

2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிற போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவு, பதினெட்டு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்கு இப்படி நடந்தது என்று தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது. ஆசிரியர், மருத்துவர் என்று பிரிக்கவில்லை, தெரிந்த எவரும். தெரிந்தும் தெரிவிக்காவிட்டால் 21ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. நல்லெண்ணத்தில் தெரிவித்தவர் மேல் வழக்குப் போட முடியாது. இதைப் பயிற்சி வகுப்பில் கேட்டபோது நானும் மற்றவர்களைப்போல மிரட்டலாகத்தான் எடுத்துக்கொண்டேன். அன்று அது எனக்கு வேறு மாதிரி உதவியது. ‘பொண்ணு பேரு கெட்டுப்போகும், குடும்பம் சிதறிடும், பேசித் தீர்த்துக்கலாம்’ என்று நல்லவர்களே, நல்ல மனத்தோடேயே வந்து சொன்னார்கள். அவர்களிடம் வாதாட என்னிடம் பலம் இல்லை. “சட்டம் அப்படி, நான் சொல்லியாகணும்” என்று அதன் பின்னால் நின்றுகொண்டேன். தைரியம் குறைவான மனிதர்களுக்கு நல்ல சட்டம் ஒரு சுவர்.

குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் பேசினேன். வந்த பெண் அதிகாரி சீருடையில் வரவில்லை. பிள்ளையின் வாக்குமூலத்தை எடுக்கும்போது சீருடை கூடாது, அவள் விரும்புகிற இடத்தில்தான் எடுக்க வேண்டும், இரவில் எந்தக் காரணத்துக்காகவும் காவல் நிலையத்தில் வைத்திருக்கக்கூடாது என்று அந்தச் சட்டமே வகுத்திருக்கிறது. மருத்துவப் பரிசோதனையைப் பெண் மருத்துவர்தான் செய்யலாம், பிள்ளைக்கு நம்பிக்கையான ஒருவர் கூட இருக்க வேண்டும். அவள் என்னைத்தான் கூட இருக்கச் சொன்னாள். அவ்வளவு கோபத்திலும் என்னைத்தான் சொன்னாள்.

இங்கேதான் எனக்கு ஜெயகாந்தனின் அந்தத் தாய் புதிதாகத் தெரிந்தாள். மகளின் பெயரைக் காப்பாற்ற அவளிடம் இருந்த ஒரே கருவி குற்றத்தை மறைப்பது. பெயரையும் குற்றத்தையும் ஒரே துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாக வேண்டியிருந்தது. இன்றைய சட்டம் அந்த இரண்டையும் பிரித்துவிட்டது. குற்றத்தைச் சொல், பெயரை மறை என்கிறது. பத்திரிகையில் பெயர், படம், முகவரி, பள்ளி எதுவும் வரக்கூடாது. விசாரணை மூடிய அறையில். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிள்ளையை நேரே கேள்வி கேட்க முடியாது. நீதிபதி மூலமாகத்தான் கேட்கலாம். செய்தவனை அவள் கண்ணில் படவிடக்கூடாது. அந்தத் தாய் ஒருத்தி ஓர் இரவில் தன் உடம்பை மறைப்பாக வைத்துச் செய்ததை இத்தனை பிரிவுகள் சேர்ந்து செய்யப் பார்க்கின்றன.

பார்க்கின்றன என்றுதான் சொல்கிறேன். ஏனென்றால் ஊரின் வாய்க்கு எந்தப் பிரிவும் பூட்டுப் போடவில்லை. பேப்பரில் வராத பெயர் டீக்கடையில் வந்தது. அவளுடைய அம்மா பள்ளிக்கூட வாசலில் நின்று, “எங் குடும்பத்த அழிச்சிட்டியே டீச்சரு, நீ நல்லா இருப்பியா” என்று மண்ணை வாரித் தூற்றினாள். நான் பதில் பேசவில்லை. சம்பாதிக்கிற ஆள் உள்ளே போனால் அந்த வீட்டு அடுப்பு எரியாது என்பது அவள் சொன்னதில் பாதி. மீதிப் பாதி, தன் பெண் தன்னிடம் சொல்லாமல் என்னிடம் வந்து சொன்னாள் என்பது. அந்த வலிக்கு என்னிடம் மருந்து இல்லை. பெண் வேறு ஊரில் விடுதியில் சேர்ந்து படிக்க வேண்டியதாயிற்று. வீட்டை விட்டுப் போனது அவள்தான், அதுவும் ஒரு வெளியேற்றம்தான். கங்காவின் அளவுக்கு இல்லை என்று என்னை நானே தேற்றிக்கொள்ளப் பார்த்திருக்கிறேன். முழுதாகத் தேறவில்லை. அந்த வீட்டில் அவளுக்குக் கீழே இன்னும் இரண்டு பெண் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்காகவும் நான் சொன்னேன் என்பதை அவளிடம் ஒருமுறை சொன்னேன். “தெரியும் டீச்சர், அதான் உங்ககிட்ட வந்தேன்” என்றாள். அந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. பத்தொன்பது வயதில் நான் யோசித்துப் பார்க்காத அடுத்த பெண்ணை அவள் அந்த வயதில் யோசித்திருந்தாள்.

சாட்சி சொல்ல விழுப்புரம் நீதிமன்றத்துக்குப் போனேன். “சொல்ல வேண்டாம் என்று பிள்ளையே கேட்டும் நீங்கள் ஏன் சொன்னீர்கள்?” என்று வழக்கறிஞர் கேட்டார். பள்ளியில் பெயர் வாங்க ஆசைப்பட்டேன் என்று நிறுவுவது அவருடைய வேலை. அதில் அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. “எங்கிட்ட வந்து சொன்னதுக்கப்புறம் அது அவளுக்கு மட்டும் தெரிஞ்ச விஷயமா இல்லீங்களே” என்றேன். பதிவு செய்துகொண்டார்கள். வழக்கைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் அவளை அடையாளம் காட்டியதாகிவிடும்.

ஓய்வு பெற்ற பிறகு திண்டிவனம் பக்கத்தில் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து நடத்திய ஒரு வாசிப்புக் கூட்டத்துக்கு என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். நான் ‘அக்கினிப் பிரவேசம்’ கதையை எடுத்துக்கொண்டேன். பேசி முடித்ததும் இளம் ஆசிரியை ஒருவர் எழுந்தார். “மேடம், அந்தப் பொண்ணுக்குப் பதினெட்டு முடியலன்னு வச்சிக்கிட்டா, இன்னைக்குச் சட்டப்படி அந்த அம்மாவும் குற்றவாளிதானே? மறைச்சிருக்காங்களே?” என்று கேட்டார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. நெருடலான கேள்வி. சட்டப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தத் தாயை நான் கூண்டில் ஏற்றமாட்டேன் என்று சொன்னேன். மகளை அடித்த கையாலேயே அவள் தலையில் தண்ணீர் ஊற்றினாளே, அந்த இரண்டுக்கும் இடையில் அவள் கடந்து வந்த தூரத்தை எந்த நீதிமன்றமும் அளக்க முடியாது. ஆனால் அது இன்றைக்கு நடந்து, அந்தக் குடித்தனத்தில் பக்கத்து அறையில் நான் இருந்திருந்தால், சத்தம் கேட்டு எட்டிப் பார்த்திருந்தால், மழையில் நனைந்ததற்குத் திட்டுகிறேன் என்று அவள் சொன்னதை நம்பியவளாகக் காட்டிக்கொண்டு அப்போதைக்குத் திரும்பிப் போயிருப்பேன். அது அவளுக்குத் தேவை. மறுநாள் காலை, மற்றக் குடித்தனக்காரர்கள் குழாயடிக்குப் போன நேரம் பார்த்து அவள் வாசலுக்குப் போயிருப்பேன். “அம்மா, மகளிர் காவல் நிலையத்துல பெண் இன்ஸ்பெக்டர் இருக்காங்க. பேரு வெளிய வராது. நீங்க கிளம்புங்க, நானும் வர்றேன், பாப்பாவ நடுவுல உக்கார வச்சிப்போம்” என்று சொல்லியிருப்பேன். அவள் உடனே கிளம்பமாட்டாள். நான் மறுபடியும் போயிருப்பேன்.